காஜா பெராங்கில் கூடுதலாக ஓர் இலை

மலாக்காவுக்குப் போய்விட்டு, டச்சுக்காரர் கட்டிய சிவப்புக் கட்டடத்தையும் போர்த்துகீசியர் கோட்டையில் மிஞ்சி நிற்கும் ஒற்றை வாசலையும் பார்க்காமல் திரும்பியவன் நான். தஞ்சாவூரில் என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்புவதில்லை. ரயில்வே சரக்கு அலுவலக வேலை போக மிஞ்சிய நேரத்தில் பழைய பஞ்சாங்கம், கல்வெட்டு, கோயில் மலர் என்று எதைக் கண்டாலும் வருடத்தைத் தேடிக் குறித்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. 1511, 1641, 1824 என்று மலாக்கா கைமாறிய ஆண்டுகளைக் கப்பலிலேயே மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ஆனாலும் பார்க்கவில்லை. நான்கு நாளில் நான் பார்த்தது ஒரு மரவீடு, ஒரு பஸ், ஓர் இலை. அவ்வளவுதான்.

விளம்பி வருடம், ஆனி மாதம். இங்கிலீஷ் கணக்கில் 1958 ஜூலையின் முதல் வெள்ளிக்கிழமை. மலாயா சுதந்திரம் பெற்று இன்னும் ஒரு வருடம் நிறையவில்லை. கிள்ளானில் என் தங்கை மகள் கல்யாணத்துக்காகக் கப்பலேறியவன், அது முடிந்ததும் இன்னொரு வேலைக்காக மலாக்கா பஸ்ஸில் உட்கார்ந்தேன். தஞ்சையில் மாதப் பத்திரிகை நடத்தும் நண்பர் ஒப்படைத்த வேலை அது. "தீபாவளி மலருக்கு மலாயா இளைஞர்களின் மாயக்கதைகள் வேண்டும். ராஜகுமாரியும் பூதமும் ஏழு கடல் தாண்டிய கிளியும் நம்மிடமே நிறைய இருக்கின்றன. இந்தக் காலத்தில், தார் ரோட்டில் நடக்கிற மாயம் எனக்கு வேண்டும்" என்று சொல்லியிருந்தார். மலாயாப் பத்திரிகைகளின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களில் அப்படிப்பட்ட கதைகளை எழுதிக்கொண்டிருந்தவை மூன்று புதுப் பெயர்கள். கிள்ளானில் விசாரித்ததில், மூவரும் கூடுவது மலாக்காவில் காஜா பெராங் பகுதியில் ஒரு செட்டிக் குடும்பத்து வீட்டில் என்று தெரிந்தது.

பஸ் வழியில் நின்றுவிட்டது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் இறங்கி முன்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, மூடிவிட்டு, சிகரெட் பற்றவைத்தார். நம் ஊராக இருந்தால் இந்நேரம் பாதிப் பேர் இறங்கி ஆளுக்கொரு யோசனை சொல்லியிருப்பார்கள். இங்கே யாரும் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மாள் கூடையிலிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தார். தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, நெத்திலி, சம்பல் என்கிற காரமான மிளகாய்த் துவையல். சோற்றில் பொங்கல் போல ஒரு குழைவு. அதற்கு மேல் கருவாட்டு வாசனை. பசி எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டது.

மலாக்காவில் இறங்கி, மூன்று சக்கரச் சைக்கிள் வண்டிக்காரரிடம் "செட்டி வீடு" என்றேன். பேச்சா என்று அதற்கு இங்கே பெயர். அந்தச் சீனக் கிழவர் தலையாட்டிக்கொண்டு என்னை ஊருக்கு நடுவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார் ஒருவரின் வட்டிக்கடையான கிட்டங்கி வாசலில் இறக்கிவிட்டார். விபூதி பூசிய பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"வாங்கண்ணே, நனஞ்சு போயில்ல வந்திருக்கீக. முதல்ல ஒரு காப்பி குடிங்க. நீங்க தேடுற ஆளுக வேற. நாங்க நேத்து வந்தவுக. அவுக வெள்ளக்காரனுக்கு முந்தியே இந்த ஊருக்கு வந்து, இங்கயே பொண்ணு கட்டி, இங்கயே மண்ணாப் போனவுக. சாமி நம்ம சாமி. பேச்சு மட்டும் மலாய்ப் பேச்சு."

"தமிழே தெரியாதா?"

"மாரியம்மன் முன்னால நின்னு மலாய்லதான் வேண்டிக்குவாக. அம்மனுக்கும் பழகிப்போச்சு."

மலாக்காச் செட்டிகளைப் பற்றி நான் படித்திருந்த பக்கங்களைவிட அந்த இரண்டு வரி தெளிவாக இருந்தது. காப்பியும் தஞ்சாவூர்க் காப்பி போலவே இருந்தது. கிளம்ப மனம் வரவில்லை.

காஜா பெராங்கில் அந்த வீட்டு வாசலில், என் கடிதம் கண்டு எனக்காகக் காத்திருந்தவர் கோவிந்தசாமி. மூன்று பெயர்களில் ஒருவர். புக்கிட் ரம்பாய் போகும் பஸ்ஸில் டிக்கெட் போடும் வேலை. ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். ஒல்லி, நல்ல உயரம். பஸ்ஸுக்குள் குனிந்து குனிந்து நிமிர்ந்து நிற்பதையே மறந்துவிட்டவர் போல இருந்தார்.

"வாங்க சார். பசியாறியாச்சா? பஸ் காடி கெட்டுப்போச்சின்னு அப்பவே தெரியும். அந்தக் காடி மழை கண்டா படுத்துக்கும் லா."

இரண்டாமவர் ராமையா, புக்கிட் பாருவில் தையற்கடை வைத்திருப்பவர். சட்டைப் பையில் எப்போதும் துணியில் கோடு போடும் சுண்ணாம்புக் கட்டி. எதைப் பேசினாலும் கேலி. மூன்றாவது, அந்த வீட்டுப் பெண் சாரதா. செட்டிக் குடும்பம். சரோங்கும் பூவேலை செய்த கெபாயாச் சட்டையும், நெற்றியில் குங்குமமும். இருபத்தெட்டு வயது இருக்கும் என்று ராமையா பிறகு சொன்னார். தமிழில் 'வாங்க' என்பது மட்டும் வந்தது. இந்தப் பெண் எப்படித் தமிழ்ப் பத்திரிகையில் கதை எழுதுகிறாள் என்று நான் விழித்ததைப் பார்த்துக் கோவிந்தசாமி சிரித்தார்.

"அது சொல்லும், நான் எழுதுவேன். மலாய்ல சொல்லும். தமிழ்ல எழுதி, திரும்ப மலாய்ல வாசிச்சிக் காட்டுவேன். ரெண்டு பேரு கதை, ஒரு பேரு."

"பாதிக் கதை இவன் டிக்கெட்டுக்குப் பின்னாலதான் எழுதுறான் சார். பயணிங்க கையில பாதிக் கதை போயிருது" என்றார் ராமையா.

மறுநாள் சனிக்கிழமை. பகலெல்லாம் மேகம் மூடியே கிடந்தது. கோவிந்தசாமியின் பஸ்ஸில் புக்கிட் ரம்பாய் வரை போய்த் திரும்பினேன். வழியில் ஒரு ரப்பர்த் தோட்டத்தைக் காட்டினார். துண்டு துண்டாக விற்றுவிட்டார்களாம். தொழிலாளர்கள் இருந்த லயத்து வீடுகள் இடிபட்டுக் கிடந்தன. அங்கே பஸ் நிற்கிற இடமே இப்போது கிடையாது. அவர் கதையில் அந்த இல்லாத இடத்துக்கு ஒரு குடும்பம் தினமும் டிக்கெட் கேட்கிறது. அவரும் கிழித்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். கதையை நான் படித்திருந்தேன். அந்த இடம் வந்தபோது அவர் வெளியே பார்த்ததை இப்போதுதான் பார்த்தேன்.

அன்று மாலை வாசிப்பு. சாரதா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். வாசல் நிலையில் மாவிலைத் தோரணம்; சுவரில் முன்னோர் படங்கள், மங்கிய கண்ணாடிக்குள் தலைப்பாகையும் கெபாயாவுமாக. படங்களின் ஓரத்தில் ஆண்டு ஏதாவது இருக்கிறதா என்று வழக்கம்போலத் தேடினேன். கீழ் வரிசையில் ஓர் இளைஞனின் படம், மற்றவற்றை விட்டுத் தள்ளி, தனி ஆணியில் தொங்கியது. அதற்கு மட்டும் மாலை இல்லை.

அவர்களுக்கு ஒரு விதி உண்டு. எழுதியவர் தன் கதையைத் தானே வாசிக்கக் கூடாது. வாசித்து முடியும்வரை வாயும் திறக்கக் கூடாது. ராமையா கதையைக் கோவிந்தசாமி வாசித்தார். ஒரு புலி குடியுரிமை கேட்டு அலுவலகத்துக்கு வருகிறது. இங்கேதான் பிறந்தது என்பதற்குச் சாட்சி கொண்டு வரச் சொல்கிறார்கள். அதன் சாட்சிகளையெல்லாம் அது ஏற்கனவே தின்றுவிட்டது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். ராமையா விதிக்குக் கட்டுப்பட்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரும் அந்த அலுவலக வரிசையில் நின்று திரும்பியவர் என்பதைக் கோவிந்தசாமி சொல்லித்தான் அறிந்தேன்.

சாரதாவின் கதைக்கு விதி கொஞ்சம் தளர்ந்தது. கோவிந்தசாமியே தமிழில் எழுதியதால் அவரேதான் வாசிக்க வேண்டும். முதலில் தமிழில், எனக்காக; பிறகு மலாயில், சாரதாவுக்காக. அவளும் முழுதாக அன்றுதான் கேட்கிறாள். சமையலறையில் அவளுடைய தாய் சம்பல் இடித்துக்கொண்டிருந்தார். மக்சிக் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள். நாம் அத்தை என்பதுபோல. மறுநாள் வீட்டில் பார்ச்சு என்பதால் வேலை அதிகம்.

பார்ச்சு என்பது முன்னோருக்குப் படைப்பது. பொங்கலுக்கு முன் ஒருமுறை, பழங்கள் பழுக்கிற இந்தப் பருவத்தில் ஒருமுறை. இறந்துபோன ஒவ்வொருவருக்கும் ஓர் இலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததை வைத்து, கதவையும் சன்னலையும் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து, வீட்டுக்குப் பெரியவர் கதவைத் தட்டிவிட்டுத் திறக்கிறார். உள்ளே சாப்பிடுகிறவர்கள் எழுந்துகொள்ள வேண்டுமல்லவா, அதற்காகத் தட்டுவது. பிறகு அந்தச் சோற்றை வீட்டார் பகிர்ந்து உண்கிறார்கள். நம் பக்கம் திதியன்று காக்கையைக் கூவிக் கூவி அழைத்து, அது ஒரு பருக்கை கொத்தினால்தான் நிம்மதி அடைகிறோம். இங்கே காக்கை இல்லை. சாப்பிட்டார்களா என்று இலையைப் பார்க்கும் வழக்கமும் இல்லை. வந்தார்கள், போனார்கள், அவ்வளவுதான்.

கதை அந்தப் பார்ச்சைப் பற்றியது. ஒரு தாய். மகனை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துப் போனான். திரும்பவில்லை. வருடா வருடம் பார்ச்சு நாளில் அவள் கூடுதலாக ஓர் இலை நறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். போட்டால் மகன் செத்தவன். போடாவிட்டால், ஒருவேளை செத்திருந்தால், பசியோடு நிற்பான். இவள் இலையோடு நிற்கிற நேரத்தில் வீட்டுக்கு வெளியே ரோடு தண்டவாளமாக மாறுகிறது. நகரசபை ஆட்கள் வந்து கட்டைகளை அடுக்குகிறார்கள். தூரத்தில் ஒரு ரயில் வருவது கேட்கிறது. கேட்கிறதே தவிர வந்து சேரவில்லை. ரயில்வேயில் வேலை பார்க்கும் நான் எத்தனையோ ரயில் கதை படித்தவன். இப்படி ஒரு ரயிலை யாரும் ஓட்டியதில்லை.

அது சாரதாவின் வீட்டுக் கதையே என்பதைச் சுவரில் தனியாகத் தொங்கிய படம் சொல்லிவிட்டது. அண்ணன் பெயர் தனபாலன்.

சாரதா சொன்ன கதை அந்த இடத்தோடு முடிந்திருக்கிறது: தாய் இலையோடு நிற்கிறாள். கோவிந்தசாமி எழுதியபோது அங்கே நிறுத்தவில்லை. தாய் இலையைப் போடுகிறாள். கதவு சாத்தப்படுகிறது. ரயில் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. கதவைத் திறந்தால், எல்லா இலையிலும் சோறு அப்படியே இருக்க, அந்த ஓர் இலை மட்டும் துடைத்தாற்போல் காலியாக இருக்கிறது. ஓரத்தில் மங்குஸ்தீன் பழத்தோல்கள், அப்போதுதான் உரித்த ஈரத்தோடு.

கோவிந்தசாமி இந்த வரிகளை மலாயிலும் வாசித்து முடித்தார். அவர் அதைப் பரிசாக எழுதியிருந்தார். காக்கை எடுத்தால் முன்னோர் மனம் நிறைந்தது என்று கேட்டு வளர்ந்தவர் அவர். மகன் வந்தான், வயிறாரச் சாப்பிட்டான். ஒரு தாய்க்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

சமையலறையில் இடிக்கிற சத்தம் நின்றிருந்தது.

சாரதா எழுந்தாள். கோவிந்தசாமியிடம் தாழ்ந்த குரலில் வேகமாக மலாயில் ஏதோ கேட்டாள். ராமையா என் காதில் தமிழில் சொன்னார்:

"'அபாங், எங்க வீட்டு இலைய நீ எப்படிப் போடலாம்?'னு கேக்குது. அபாங்னா அண்ணன். 'எங்கம்மா பதினஞ்சு வருசமா போடாத இலைய, டிக்கெட் கிழிக்கிற மாதிரி கிழிச்சிப் போட்டுட்டியே. சாப்பிட்டான்னா செத்துட்டான்னு அர்த்தம் தானே?'ங்குது."

அப்போது மக்சிக் சமையலறை வாசலுக்கு வந்தார். கையில் உலக்கை. முகத்தில் கோபம் இல்லை. கோவிந்தசாமியைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். அதையும் ராமையாதான் எனக்குச் சொன்னார்.

"எதை முதல்ல எடுத்துச் சாப்பிட்டான்னு கேக்குறாங்க."

கோவிந்தசாமி கையிலிருந்த தாளைப் பார்த்தார். "மங்கீஸ், மக்சிக்" என்றார். மங்குஸ்தீனுக்கு இங்கே அதுதான் பெயர்.

மக்சிக் தலையை ஆட்டி மறுத்தார். "இல்ல. டுரியான் இருந்தா அவன் வேற எதையும் தொட மாட்டான்" என்றாராம். திரும்பிப் போய் மறுபடி இடிக்க ஆரம்பித்தார்.

வெளியே நடந்தபோது ராமையா மீதியைச் சொன்னார். இம்முறை கேலி இல்லை. சாரதாவுக்கு ஒரு வரன் இருக்கிறது. இதே செட்டிக் குடும்பங்களில் ஒன்று, சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை. நல்ல பையன். அவளுக்கும் பிடிக்கும். ஆனால் அண்ணன் கூட நின்று நடத்தாமல் தங்கைக்குக் கல்யாணம் இல்லை என்று மக்சிக் பிடிவாதமாக இருக்கிறார். உயிரோடு இருக்கிறவனை விட்டுவிட்டு எப்படிச் செய்வது? இலை போட்டுவிட்டால் வேறு விஷயம். சித்தப்பா மகன் அந்த இடத்தில் நிற்கலாம்.

"மாப்பிள்ளை வீட்டுல சொல்லிட்டாங்க சார். தீபாவளி வரைக்கும்தான் பொறுப்போம்னு. அதுக்காக சாரதா அம்மாகிட்ட இலைய போடுன்னு வாய் திறந்து கேக்க முடியுமா? அதான் கதையா சொல்லிச்சி. இலையோட நிக்கிறாங்கன்னு அங்கயே நிறுத்திச்சி, அம்மா காதுல விழட்டும்னு. இவன் போயி முடிச்சி வெச்சிட்டான்."

ஞாயிற்றுக்கிழமை காலை எங்களையும் அழைத்திருந்தார்கள். வீடு முழுதும் டுரியான் வாசனை. பலாவும் வெங்காயமும் சேர்ந்து அழுகியது போல என்று எழுதி வைத்திருந்தேன். இரண்டாம் நாளில் அந்த வாசனை எனக்குப் பிடிக்க ஆரம்பித்திருந்தது. ரம்புத்தான், மங்குஸ்தீன், புளிக்குழம்பில் மீன், கோழி, ஆவியில் வெந்த இனிப்புகள். காலமான தகப்பனார் இலைக்குப் பக்கத்தில் கறுப்புக் காப்பியும் ஒரு சிகரெட்டும்.

மக்சிக் என்னை அருகில் கூப்பிட்டார். நான் தேதிகளைத் தேடுகிறவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கோவிந்தசாமி வழியாகப் பேசினார்.

"யுத்தம் முடிஞ்சி சயாம்லேர்ந்து ரெண்டு பேரு திரும்பி வந்தாங்களாம். ஒருத்தர், தனபாலன் காய்ச்சல்ல படுத்திருந்ததப் பார்த்தேன்னாரு. இன்னொருத்தர், ஆத்துல குளிச்சிக்கிட்டு இருந்ததப் பார்த்தேன்னாரு. எது முதல்ல, எது அப்புறம்னு உங்களால கண்டுபிடிக்க முடியுமான்னு கேக்குறாங்க சார்."

என்னால் முடியும் என்று தோன்றியது. மழைக்காலமா, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு, பாலம் முடிந்திருந்ததா என்று நாலு கேள்வி கேட்டால் போதும், வரிசை பிடிபட்டுவிடும். முதல் கேள்வியைக் கேட்கவும் வாயைத் திறந்தேன். மக்சிக்கின் முகத்தைப் பார்த்தேன். காய்ச்சல் பிந்தியது என்று வந்துவிட்டால்?

"சொல்ல முடியாது அம்மா" என்றேன். வரலாற்றில் விருப்பமுள்ளவனாக என் வாழ்நாளில் சொன்ன ஒரே பொய் அதுதான்.

மக்சிக் தலையசைத்தார். பிறகு தோட்டத்துப் பக்கம் போனார். திரும்பும்போது கையில் ஒரு வாழையிலை, ஈரம் சொட்ட. வரிசையின் கடைசியில், வாசலுக்கு மிக அருகில், அதை விரித்தார். சாரதா கைவேலையை நிறுத்திவிட்டு நின்றாள். மக்சிக் சோறு வைத்தார், மீன் வைத்தார். டுரியானைப் பிளந்து, வெண்ணெய் நிறத்தில் புடைத்திருந்த சுளைகளை இலையின் நடுவில் அடுக்கினார். எல்லோரும் வெளியே வந்தோம். கதவைச் சாத்துமுன் அவர் எல்லோருக்கும் கேட்கும்படி ஒன்று சொன்னார். கோவிந்தசாமி அதை எனக்குத் தமிழில் சொன்னார்.

"என் கதைப்படியே பார்த்துடலாங்குறாங்க. அவன் செத்திருந்தா டுரியான விட்டுட்டுப் போக மாட்டான். இலைய பார்த்தா தெரிஞ்சிடும்ங்குறாங்க."

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மக்சிக் வாசல்படியில் கதவைப் பார்த்து உட்கார்ந்தார். நாங்கள் நால்வரும் வீட்டின் பக்கவாட்டில், கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்தில் நின்றோம். அங்கே ஒரு பக்கக் கதவு உண்டு. அதன் தாழ்ப்பாள் சரியாக விழுவதில்லை என்பது அந்த வீட்டில் புழங்கிய எல்லோருக்கும் தெரியும்.

முதலில் பேசியவர் கோவிந்தசாமி. மலாயில் மெதுவாகத்தான் சொன்னார். ராமையா என் பக்கம் திரும்பாமலேயே தமிழாக்கினார்.

"'ஒரு சுளை எடுத்தா போதும்'ங்குறான். 'நான் செஞ்ச தப்பு, நானே போய் எடுக்குறேன்'ங்குறான். சாரதா வேணாங்குது. தானே போறேங்குது."

சாரதா பக்கக் கதவில் கை வைத்தாள். கதவு விரல் அளவு திறந்தது. உள்ளேயிருந்து சாம்பிராணியும் டுரியானும் கலந்த காற்று வந்தது. அவள் உள்ளே போகவில்லை. கதவில் கையை வைத்தபடியே நின்றாள். பிறகு இழுத்துச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தாள். கோவிந்தசாமி கெஞ்சுவது போல ஏதோ கேட்டார். அவள் சொன்ன பதிலை ராமையா சொன்னார்:

"'அவன் நெஜமாவே வந்து, அவனுக்கு ஒரு சுளை குறைஞ்சா?'"

கோவிந்தசாமி, "அது கதை தானே" என்று தமிழிலேயே முணுமுணுத்தார். யாருக்கும் அது ஆறுதலாக இல்லை.

மக்சிக் எழுந்து கதவைத் தட்டினார். நின்றார். மறுபடி தட்டினார். பிறகு திறந்தார்.

இலைகள் வைத்தது வைத்தபடியே இருந்தன. டுரியான் சுளைகள் அடுக்கியபடியே. ஒன்றின் மேல் ஒரு சிற்றெறும்பு. மக்சிக் அந்தக் கடைசி இலைமுன் குந்தி, ஒவ்வொரு சுளையாகத் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் நான் எதிர்பார்க்காத ஒரு பிரகாசம். கோவிந்தசாமியைக் கிட்டே கூப்பிட்டு அவர் கன்னத்தைத் தடவினார்.

"தொடல, பாருங்குறாங்க" என்று கோவிந்தசாமி எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். "'உன் கதையாலதான் தெரிஞ்சிச்சி. என் புள்ள உயிரோட இருக்கான்.'"

தகப்பனார் இலையிலும் சோறு அப்படியே இருந்தது. காப்பி வைத்த அளவிலேயே ஆறிப்போயிருந்தது. சிகரெட் நுனி கருகவில்லை. பாட்டனார்கள், சித்திகள், யாருடைய இலையும் ஒரு பருக்கை குறையவில்லை. நான் அதைப் பார்த்ததைச் சாரதா பார்த்தாள். அவள் பார்த்ததை நானும் பார்த்தேன். அவள் குனிந்து, தகப்பனார் இலையிலிருந்து எல்லோருக்கும் சோறு எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

கடைசி இலையிலிருந்து யாருக்கும் கொடுக்க மக்சிக் விடவில்லை. அது படையல் இல்லை, உயிரோடு இருக்கிறவனுடைய சாப்பாடு என்றார். ஒரு பீங்கான் தட்டில் மாற்றி, வலை அடித்த அலமாரிக்குள் வைத்து மூடினார். எங்களுக்கு வைத்த மீன் புளிக்குழம்பு எங்கள் ஊர் மீன் குழம்புக்குச் சித்தி மகள் மாதிரி இருந்தது. நான் பாதிக்கு மேல் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை காலை கிளம்பினேன். பஸ் நிறுத்தத்துக்குக் கோவிந்தசாமி வந்தார். வேலை நேரம், ஆனால் ஒரு நடைக்கு வேறு ஆளை ஏற்றிவிட்டிருந்தார். இரவு தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது.

"கதைய குடுங்க சார். கடைசி ரெண்டு பக்கத்தக் கிழிச்சிடுறேன். அது சொன்ன எடத்துலயே நிறுத்திக்கலாம். இலையோட நிக்கட்டும்."

நான் பையைத் திறந்து தாள்களை எடுத்துக்கொண்டிருந்தபோது சாரதா குடை பிடித்து வந்தாள். ஒரு காகிதப் பை நிறைய மங்குஸ்தீன், வழியில் சாப்பிட. விஷயத்தைக் கோவிந்தசாமி சொன்னதும் அவள் என் கையிலிருந்த தாள்களைப் பார்த்தாள். ஓர் எழுத்தும் அவளுக்குப் படிக்கத் தெரியாது. கடைசிப் பக்கத்தை மட்டும் சரியாக அடையாளம் கண்டு அதன்மேல் விரலை வைத்தாள். எழுத்து பாதியோடு முடிந்திருந்ததால் இருக்கும். பிறகு சொன்னாள். இம்முறை கோவிந்தசாமியே மொழிபெயர்த்தார், ஒவ்வொரு வார்த்தையாக.

"மாத்த வேணாம். கதையிலயாவது அண்ணன் சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

பஸ் வந்துவிட்டது. நான் படியில் ஏறிய பிறகு அவள் ஜன்னல் பக்கமாக வந்து கையால் புத்தகம் புரட்டுவது போலக் காட்டி ஒன்று கேட்டாள். கதை எப்போது அச்சில் வரும் என்று கேட்கிறாள் என்பது எனக்கே புரிந்தது. தேதி கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவது என் பழக்கம்.

"தீபாவளிக்கு" என்றேன்.

சொன்ன பிறகுதான், மாப்பிள்ளை வீட்டார் வைத்த கெடுவும் அதுவே என்று உறைத்தது. கோவிந்தசாமியைப் பார்த்தேன். அவர் குனிந்துகொண்டார். அதை அவளுக்கு மொழிபெயர்க்கவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. தீபாவளிக்கு அவர்கள் பேச்சிலும் தீபாவளிதான். குடைக்குள் அவள் ஒருமுறை தலையசைத்தாள். பஸ் நகர்ந்தது.